குடும்பக் களம்: மிதித்தும் தயங்கும் கார்



சென்ற மழைக்காலத்தில் நமக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். கிராமச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் வலப்புறம் திரும்ப வேண்டியிருந்தது. தொலைவில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அது நெருங்குமுன் கடந்துவிடப் போதிய இடைவெளி இருந்தது. வழக்கம்போல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தோம். கார் ஊர்ந்ததே தவிர விரையவில்லை. மேலும் அழுத்தினோம். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணும் நேரம் சாலையின் நடுவே தவித்துவிட்டு, அதன் பின்னரே வண்டி வேகம் பிடித்தது. லாரி ஓட்டுநர் விழிப்புடன் பிரேக் போட்டமையால் பிழைத்தோம். பின்னிருக்கையில் இரு குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். நடந்ததை அவர்கள் அறியவில்லை.

மறுநாள் காரை ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தவர், ஆட்டோமேடிக் கியர்பெட்டி பழுதாகிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார். அவர் கூறிய தொகை நம்மைத் திகைக்க வைத்தது. இன்னொருவரையும் கேட்போம் என எண்ணி, வயது முதிர்ந்த ஒரு மெக்கானிக்கிடம் சென்றோம். அவர் காரைத் தொடவேயில்லை. “மிதித்தபோது எஞ்சின் சத்தம் உடனே ஏறியதா? மீட்டரில் முள் எவ்வளவு தூரம் போயிற்று?” என்று மட்டும் வினவினார். நாம் விடையின்றி நின்றோம். அவ்வொரு கேள்வியே இம்மாதக் கட்டுரையின் பொருள்.

மூட்டுவலியுள்ள முதியோரும், நெரிசலில் கிளட்ச் மிதித்துச் சலித்தோரும், புதிதாக ஓட்டப் பழகுவோரும் இன்று ஆட்டோமேடிக் கார்களையே பெரிதும் நாடுகின்றனர். இடக்காலுக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் காலுக்கும் சக்கரத்திற்கும் நடுவே நாம் காணாத பல கைகள் வேலை செய்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். அவற்றுள் எந்தக் கை தாமதிக்கிறது என அறிவதே நோயறிதல் ஆகும்.

அச்சங்கிலியைச் சற்றே காண்போம். இக்காலக் கார்களில் ஆக்ஸிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே பழைய கம்பி கிடையாது. மிதியின் அசைவை ஒரு சென்சார் அளந்து கணிப்பொறிக்கு அறிவிக்கிறது. கணிப்பொறி, பெட்ரோல் காரில் திராட்டில் எனும் காற்றுக் கதவைத் திறக்கிறது, எரிபொருள் பாய்கிறது, எஞ்சின் விரைகிறது. எஞ்சினின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டர் தன்னுள் இருக்கும் எண்ணெயின் வழியே கியர்பெட்டிக்குக் கடத்துகிறது. ஒரு மின்விசிறி வீசும் காற்றில், எதிரே உள்ள மற்றொரு விசிறி சுழல்வதை மனத்தில் கொண்டால் இதன் தத்துவம் விளங்கும். ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்கெனக் கண்டறிந்த முறை இது. எண்ணெய் வழியே இயங்கும் முழு ஆட்டோமேடிக் கியர்பெட்டி, 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அமெரிக்க மக்களின் கைக்கு வந்தது. எண்ணெய் நடுவில் இருப்பதால் சிறிது நெகிழ்வும் இதில் இயற்கை. அந்நெகிழ்வு அளவு கடக்கும்போதுதான் கவலை பிறக்கிறது.

இனி அம்மெக்கானிக்கின் கேள்விக்கு வருவோம். வாகனம் இல்லாத நேரான சாலையில், உடன் ஒருவரை அமர்த்திக்கொண்டு காரை ஓட்டுங்கள். ஓட்டுபவர் சாலையை மட்டுமே நோக்க வேண்டும்; மீட்டரை மற்றவர் நோக்கட்டும். நின்ற நிலையிலிருந்து மிதிக்கும்போது நிகழ்வது பெரும்பாலும் பின்வரும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, முள்ளும் ஏறவில்லை, காரும் நகரவில்லை. இந்நிலையில் தாமதம் எஞ்சினின் பக்கமே இருக்கிறது. கியர்பெட்டியைக் குறை கூறுதல் பொருந்தாது. காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது. ஏர் பில்டர் அடைபட்டிருக்கலாம். திராட்டில் கதவில் கரி படிந்திருக்கலாம். உள்வரும் காற்றை அளக்கும் சென்சார் அழுக்கேறியிருக்கலாம். எரிபொருள் பம்ப் தளர்ந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம். புகை வெளியேறும் வழி அடைபட்டாலும் எஞ்சின் மூச்சுத் திணறும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டுமே சிறு சிறு பயணம் செல்லும் வண்டியில் அது போதிய வெப்பம் பெறாமல், சேர்ந்த கரியை எரிக்க இயலாமல் அடைபடுவதுண்டு.

இரண்டாவது, முள் விரைந்து ஏறுகிறது, எஞ்சின் அலறுகிறது, கார் மட்டும் மெல்ல நகர்கிறது. ஆற்றல் பிறக்கிறது, சக்கரத்தைச் சேரவில்லை. இங்கே ஐயம் கியர்பெட்டியின் மீது விழுவது முறையே. எண்ணெய் குறைந்திருக்கலாம், அதன் அழுத்தம் தாழ்ந்திருக்கலாம், உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து வழுக்கலாம். இதற்குத் துணையாக மற்றொரு சோதனையும் உண்டு. எஞ்சின் சூடான பின், பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலிலிருந்து ‘டி’ நிலைக்கு மாற்றுங்கள். கியர் விழுந்ததைக் காட்டும் மெல்லிய அதிர்வு எத்தனை நேரத்தில் வருகிறது எனக் காணுங்கள். டார்க் கன்வர்ட்டர் கொண்ட பல கார்களின் பழுதுநீக்கு நூல்களில் இதற்கு 1.2 வினாடியும், ரிவர்சுக்கு 1.5 வினாடியும் உச்ச அளவாகக் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டு, மூன்று வினாடி கடந்து விழுமாயின் உள்ளே எண்ணெய் அழுத்தம் காலம் தாழ்த்துகிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, முள்ளும் ஏறுகிறது, கியரும் சரியாக விழுகிறது, ஆயினும் யாரோ பின்னிருந்து இழுப்பது போன்ற உணர்வு தோன்றுகிறது. இங்கே பிரேக்கைக் கவனிக்க வேண்டும். சற்றுத் தூரம் ஓட்டி நிறுத்தியபின், தொடாமல் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டு சென்று பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மிகுந்த வெப்பம் வீசினால் அதன் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நிற்க. எல்லாத் தயக்கமும் நோயன்று. டர்போ எஞ்சினில் மிதித்த கணத்திற்கும் வேகத்திற்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. புகையின் விசையால் டர்பைன் சுழன்று ஏற நேரம் வேண்டும். சி.வி.டி. வகைக் கார்களில் எஞ்சின் ஒலி முன்னே ஏறி, வேகம் பின்னே வருவது இயல்பு. அதனை வழுக்கல் எனத் தவறாகக் கொள்ளலாகாது. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோவுடன் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையில், சாதாரணக் கியர்பெட்டியையே ஓர் இயந்திரக் கை மாற்றுகிறது. ஆதலால் கியர் மாறும்போது ஆற்றல் ஒரு கணம் அறுபடும். ‘எக்கோ’ பொத்தானை அழுத்தி வைத்திருந்தால் மிதியின் கூர்மை வேண்டுமென்றே மழுக்கப்படும். எனவே அடுத்தவர் காருடன் ஒப்பிடாமல், அதே கார் சென்ற ஆண்டு எவ்வாறு ஓடியது என்பதோடு ஒப்பிடுவதே நேரிய வழி.

மலைப்பயணத்தில் இன்னொரு காரணம் சேரும். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவு ஆற்றலை இழந்தே தீரும். குடும்பத்தினர் ஐவர், பெட்டிகள், ஓடும் ஏ.சி. எனச் சுமை சேர்ந்தால் கார் தயங்குவதில் வியப்பில்லை. மலையிலிருந்து இறங்கியபின் தயக்கம் மறைந்தால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

குற்றம் நம் காலிலும் இருக்கக்கூடும். ஓய்வு பெற்ற இடக்காலைப் பிரேக்கின் மீது வைத்துக்கொண்டு ஓட்டுவோர் உளர். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒருங்கே அழுத்தப்பட்டால் எஞ்சினின் ஆற்றலைக் குறைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இக்காலக் கார்கள் பலவற்றில் உண்டு. கார் தயங்குகிறது என்று அவர்கள் வருந்துவர். தயக்கத்தை உண்டாக்குவதோ அவர்களது இடக்காலே. ஆட்டோமேடிக் காரில் இரு மிதிகளுக்கும் வலக்கால் ஒன்றே என்பதை உறுதியாகக் கடைப்பிடியுங்கள்.

கியர்பெட்டி எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். புதிய எண்ணெய் பல கார்களில் சிவப்பாக இருக்கும். பழுப்பேறிக் கருகிய நெடி வீசினால் உள்ளே தட்டுகள் வெந்திருக்கின்றன. அளவுக்கோல் உள்ள காரில், எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதா, நிறுத்திப் பார்ப்பதா என்பதைக் காருடன் வந்த கையேட்டில் கண்டு செய்யுங்கள். அளவுக்கோலே இல்லாத கார்களில் இவ்வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுதல் நன்று. சி.வி.டி.க்கு அதற்கென உள்ள எண்ணெய் மட்டுமே பொருந்தும். மலிவு கருதி வேறொன்றை ஊற்றினால் கியர்பெட்டியே கெடும்.

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தால், அதன் அடியிலுள்ள 16 முனைச் செருகுவாயில் கருவியைப் பொருத்திப் பழுதுக் குறியீட்டைப் படிப்பர். பி 0171 எனில் எரிபொருளை மிஞ்சிய காற்று. பி 0300 எனில் தீப்பிடித்தலில் தவறு. பி 0741 எனில் டார்க் கன்வர்ட்டரின் கிளட்ச். பி 2135 எனில் திராட்டில் அல்லது மிதியின் சென்சார்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பி 0700 என்பதோ, கியர்பெட்டியின் கணிப்பொறியில் வேறொரு குறியீடு காத்திருக்கிறது என்னும் அறிவிப்பு மட்டுமே. குறியீடு ஒரு சாட்சியைப் போன்றது, தீர்ப்பு ஆகாது. அது சுட்டும் உறுப்பைச் சோதிக்காமலே மாற்றுவது பணத்தை வீணாக்கும் செயல். விளக்கு எரியவில்லை என்பதும் குறையில்லை என்பதற்குச் சான்றன்று.

ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கையிலா, சூடேறிய பின்னரா? நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதா, ஓடுகையில் முந்தும்போதா? முள் ஏறியதா, இல்லையா? எந்நாள் முதல், அதற்கு முன் எரிபொருள் நிரப்புதல், சர்வீஸ், வெள்ளத்தில் ஓட்டுதல் என ஏதேனும் நிகழ்ந்ததா? இத்தாள் மெக்கானிக்கின் அரைநாள் உழைப்பை மிச்சப்படுத்தும். நேர்மையற்றவரின் வாயையும் அடைக்கும். ஒரு காலால் பிரேக்கை அழுத்தி மறு காலால் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிக்கும் சோதனை ஒன்று உண்டு; அதை வீட்டில் எவரும் செய்ய வேண்டாம். சில வினாடி மிகினும் எண்ணெய் கொதித்துக் கியர்பெட்டி அழியும். பிரேக் நழுவினால் கார் பாய்ந்துவிடும்.

பழுது நீங்கும் வரை அக்காரில் எதிரே வண்டி வரும் சாலையில் முந்தாதீர்கள். இடைவெளி இரு மடங்காகும் வரை சந்திப்பில் காத்திருங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவர் நம் காரின் நோயை அறியார். வீட்டில் அக்காரை ஓட்டும் மற்றவர்களுக்கும் தயக்கத்தைத் தவறாமல் தெரிவித்துவிடுங்கள். பழகியவர் எப்படியோ சமாளிப்பார். அறியாமல் சாவியை எடுத்துச் செல்லும் மகனோ மருமகளோதான் அகப்பட்டுக்கொள்வர்.

நம் காரின் கதைக்கு வருவோம். முதியவர் சொன்னபடி மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். முள் ஏறவில்லை. எஞ்சின் சோம்பியே எழுந்தது. அவர் ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே தேங்காய் நாரும், கந்தல் துணியும், உலர்ந்த இலைகளுமாக ஓர் எலி தன் குடும்பத்திற்குக் கூடு கட்டியிருந்தது! மழைக்கு ஒதுங்க அதற்கு அவ்விடமே வாய்த்தது போலும். கூட்டை அகற்றிப் புதிய பில்டர் இட்டதும் கார் பழையபடி பாய்ந்தது. ஆன செலவு சில நூறு ரூபாய்.

மாற்றப்பட இருந்த கியர்பெட்டி இன்றும் குறையின்றி உழைக்கிறது. ஆனால் அந்நாள் சாலை நடுவே எண்ணிய மூன்று வினாடிகளை நாம் மறக்கவில்லை. அதற்கு முந்தைய இரு வாரமும் கார் சிறிது சிறிதாகத் தயங்கியே வந்தது. அதை அறிந்தும், மழைக்குப்பின் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போட்டவர் நாமே. உங்கள் காரும் அவ்வாறு தயங்குமாயின், இந்த வாரமே பாருங்கள்.