கூரைக்குச் சட்டம் உண்டு, மொழிக்கு?

புக்கிட் திங்கி மலையில் கட்டப்பட்ட பிரெஞ்சுக் கிராமத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது ஒரு நிறுவனத்தின் உல்லாசத் தலம். தன் நிலத்தில் எந்த நாட்டின் வேடத்தையும் அது கட்டிக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. ஆனால், ஓர் ஊரின் மன்றமே விதி வகுத்து, “இங்கே கடை கட்டுவோர் இந்தப் பாணியில்தான் கட்ட வேண்டும்” என்று சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? பண்பாட்டுக் காவல் என்பதா, வணிகத் தந்திரம் என்பதா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நியூ கிளாருஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில் பஞ்சமும் வறுமையும் வாட்டியபோது, 1845-ஆம் ஆண்டு அங்கிருந்து கிளம்பி வந்த 108 பேர் அமைத்த குடியிருப்பு அது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. தோட்டப்புறத்தில் பிறந்த நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் போதும். வந்தவர்கள் முதலில் கோதுமை பயிரிட்டார்கள். பின்னர் மாடு வளர்த்துப் பாற்கட்டி செய்வதில் பெயர் பெற்றார்கள். 1962-இல் ஊருக்குச் சோறு போட்ட பெட் மில்க் பால் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் பிறகுதான் ஊர் முழுமூச்சாகச் சுற்றுலாவின் பக்கம் திரும்பியது. கடைகளின் முகப்புகள் மாறின. அகன்ற இறவாரம், மரத்தாலான மாடமுகப்பு, சன்னலடியில் பூத்தொட்டி என்று கடைத்தெரு சுவிஸ் கோலம் பூண்டது. வணிகக் கட்டடங்களில் சுவிஸ் பாணிக் கூறுகள் இருக்க வேண்டும் என்பது ஊராட்சியின் கட்டட விதியாகவும் ஆனது.

இப்படிப்பட்ட விதிகளை எடுத்த எடுப்பிலேயே பழிப்பது சரியல்ல என்பது என் கருத்து. பெரிய வணிக நிறுவனங்கள் உலகெங்கும் ஒரே பெட்டியைத்தான் கட்டுகின்றன. சாலையோரத்தில் நிற்கும் கடையை வைத்து அது ஈப்போவா, சிரம்பானா என்று சொல்லிவிட முடியுமா? வாஷிங்டன் மாநிலத்தின் லெவன்வொர்த் என்னும் மலையூரில் மெக்டொனால்ட்ஸ்கூட ஜெர்மனியின் பவேரியப் பாணி முகப்போடுதான் நிற்கிறது. பணபலம் மிக்க நிறுவனத்தையும் ஊருக்கேற்ப உடுத்த வைக்கும் வலிமை ஒரு சிறிய மன்றத்தின் விதிக்கு இருக்கிறது. பத்துக் கடைக்காரர்கள் செலவு செய்து ஊரை அழகாக்க, பதினோராமவர் செலவே இல்லாமல் அந்தப் பெயரில் குளிர்காய்வதையும் அவ்விதி தடுக்கிறது. இவை அற்பமான நன்மைகள் அல்ல.

என் கேள்வி வேறு. அந்த விதி எதைக் காக்கிறது?

ஷாலே எனப்படும் மலை வீடு பெரும்பாலும் பெர்ன் மாநிலத்து மலைப்பகுதியின் அடையாளமாகவே உலகெங்கும் அறியப்பட்டது. நியூ கிளாருஸிலேயே புகழ்பெற்ற ‘கோல்டன் ஃபிளீஸ்’ வீடு, எட்வின் பார்லோ என்பவரால் 1937-இல் அந்தப் பெர்ன் பாணியில்தான் கட்டப்பட்டது. தாயூரான கிளாருஸ் நகரத்தின் கதை இன்னும் வியப்பானது. 1861-இல் ஏற்பட்ட பெருந்தீயில் அந்நகரின் பெரும்பகுதி அழிந்தது. மக்கள் அதைப் பழைய கோலத்தில் திருப்பிக் கட்டவில்லை. சதுரங்கக் கட்டம் போல நேர்த் தெருக்கள் வகுத்து, அந்தக் காலத்துப் புதுமைப் பாணியில் எழுப்பினார்கள். தாய் நகரம் தன் முகத்தைத் தானே மாற்றிக்கொண்டது. அதன் பெயரைச் சுமந்து வந்த ஊரோ சுவிஸ் என்றால் உலகம் எதை எதிர்பார்க்கிறதோ அந்த முகத்தை விதியால் பூட்டி வைத்திருக்கிறது!

லெவன்வொர்த்தில் இது இன்னும் வெளிப்படை. இரயில் பாதை வேறு வழியில் திரும்பி, மர ஆலையும் போய், நலிந்து கிடந்த ஊர் அது. 1960-களில் பிழைப்புக்காகப் பவேரிய வேடம் பூண்டது. பவேரியாவிலிருந்து வந்தவர்கள் நிறுவிய ஊர் அல்ல அது. ஆயினும் அங்கும் கட்டட விதி இருக்கிறது, பார்வையாளரும் குவிகிறார்கள். அப்படியானால், பரம்பரை உள்ள ஊருக்கும் பரம்பரை இல்லாத ஊருக்கும் கட்டட விதி வேறுபாடு காட்டுவதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கூரையும் சன்னலும்தான்.

மொழியைப் பாருங்கள். கிளாருஸின் வட்டார வழக்கு நியூ கிளாருஸ் வீடுகளில் பல தலைமுறைகள் பேசப்பட்டது. இன்று அங்கே அன்றாட மொழி ஆங்கிலம். பூத்தொட்டி வாடினால் கடைக்காரர் தண்ணீர் ஊற்றுவார். வீட்டில் பேச்சு வாடியபோது அதைக் கவனிக்க எந்த விதியும் இல்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன என்னால் இதைத் தூரத்துச் செய்தியாக வாசிக்க முடியவில்லை. அங்கே தமிழ் வகுப்பு வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கியது. தீபாவளிக்குக் கோலமும் தோரணமும் மட்டும் குறைவின்றி வந்தன. தோரணம் கட்டிய நண்பர்களில் பலர் தமிழ்த் தேர்வுத் தாள் எடுக்கவில்லை. முகப்பு இருந்தது, உள்ளே ஆள் குறைந்துகொண்டே வந்தது.

2010-இல் பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’ திறப்பு விழா கண்டது. வளைவுகள், நீரூற்று, வண்ணங்கள் என்று அலங்கரித்தார்கள். 2015-இல் இந்தியா அன்பளிப்பாக அளித்த தோரண வாயிலும் திறக்கப்பட்டது. எல்லாம் கண்ணுக்கு நிறைவே. ஆனால், அந்தத் தெருவில் நடக்கும்போது கடைப் பலகைகளில் தமிழைத் தேடிப் பாருங்கள். தேசிய மொழிக்கு முதலிடம் தந்து தமிழையும் எழுதத் தடையில்லை. இருந்தும் எத்தனை பலகைகளில் தமிழ் இருக்கிறது? இருப்பதில் எத்தனை பிழையின்றி இருக்கிறது?

கட்டட விதி வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது முகப்போடு நின்றுவிடக்கூடாது. இனத்தின் பெயரைச் சொல்லி ஒரு தெருவை அலங்கரிக்கும் மன்றம், அந்த இனத்தின் மொழி பலகையில் சரியாக எழுதப்படவும் வழி செய்ய வேண்டும். முகப்பு மாற்றும் செலவைச் சிறு கடைக்காரரின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. அலங்காரம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது, அங்கே நாள்தோறும் கடை திறப்பவர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

மன்றம் செய்யும்வரை நாம் காத்திருக்கவும் தேவையில்லை. தமிழ் எழுதத் தெரிந்த மாணவர்கள் நம் கழகத்தில் இருக்கிறார்கள். ஒரு விடுமுறையில் நான்கைந்து பேர் ஒரு கடைத்தெருவுக்குச் சென்று, புதுப் பலகை போடவிருக்கும் கடைக்காரரிடம், “அண்ணே, தமிழ் எழுத்தை நாங்கள் சரிபார்த்துத் தருகிறோம், காசு வேண்டாம்” என்று கேட்கலாம். நூறு பேரிடம் கேட்டுப் பத்துப் பலகை திருந்தினாலும் ஆதாயமே.

கூரையைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். கூரைக்குக் கீழே என்ன மொழி பேசப்படுகிறது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.