மறதிக்கு வயது வரம்பா?

புத்தி தடுமாறுவது முதுமையின் இயல்பு என்று நம் ஜனங்கள் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறார்கள். சர்க்காரும் அவ்வாறே எண்ணுவதுதான் வருந்தத்தக்கது. 2010-ம் ஆண்டில் ஏற்பட்ட முதியோர் சுகாதாரத் தேசியத் திட்டம் அறுபது வயதடைந்தவர்களுக்கே உரியது. இந்தியாவில் மறதி நோயுற்றோர் சுமார் 88 லட்சம் பேர் என 2023-ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. அந்தக் கணக்கும் அறுபது வயதிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முன் நோய் கண்டவர்கள் கணக்கிலும் இல்லை, திட்டத்திலும் இல்லை.

நோயின் சரித்திரமோ இதற்கு நேர்மாறானது. 1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் அல்ஸைமர் என்னும் வைத்தியர் பரிசோதித்த ஆகுஸ்தே டேட்டர் என்ற மாதுக்கு வயது 51. 1906-ல் அம்மாது இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து, கண்டவற்றை அவ்வாண்டிலேயே வைத்தியர் சபையில் வெளியிட்டார். ஆகவே, அல்ஸைமர் நோய் உலகுக்குத் தெரிய வந்ததே நடுவயதினர் ஒருவர் மூலமாகத்தான். உலகில் 30 முதல் 64 வயது வரையுள்ளோரில் லட்சத்துக்குச் சுமார் 119 பேர் ஏதேனுமொரு வகை மறதி நோயுடன் வாழ்வதாக 2021-ல் அறிஞர்கள் கணித்தனர். தொகை சிறிது, துயரம் சிறிதன்று.

அரியலூர் ஜில்லா ஆலத்தியூரை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டுத் தொழிலும் உள்ள பிரதேசம் அது. அங்கே நாற்பத்தெட்டு வயதுத் தொழிலாளி ஒருவருக்கு இந்நோய் கண்டால் என்ன நேரும்? வேலை நேரம் தவறும். கூலிக் கணக்குக் குழம்பும். நாள்தோறும் நடந்த பாதை திகைக்க வைக்கும். குடி என்பார் சிலர். அசட்டை என்பார் சிலர். செய்வினை என்பாரும் உண்டு. வைத்தியரை நாடுவதற்குள் வேலை போய்விடும். மகளுக்குக் கலியாணம் ஆகியிராது. மகன் படிப்பு முடிந்திராது. முதியவருக்கு இந்நோய் கண்டால் குடும்பம் அவரைத் தாங்குகிறது. இவருக்குக் கண்டாலோ குடும்பத்தைத் தாங்கும் தூணே சாய்கிறது.

இந்நோயை அறவே நீக்கும் மருந்து இன்றில்லை. ஆயினும், செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பது பெரும் பிழை. தைராய்டுக் கோளாறு, பி-12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, குடி ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். இவற்றில் பல சிகிச்சைக்கு இணங்குபவை. டோனிபெஸில் போன்ற மாத்திரைகள் சிறிது காலம் அறிகுறிகளைத் தணிக்கின்றன. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானிமாப், பதினெட்டு மாத சோதனையில் நோயின் வேகத்தைச் சுமார் 27 சதவீதம் குறைத்தது. அது தொடக்க நிலையினருக்கே உதவும். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் விளைவிக்கக்கூடியது. விலையோ ஏழைக்கு எட்டாதது. ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்குதல், நாள்தோறும் நடத்தல், புகையையும் குடியையும் விடுதல், கேள்வித் திறனைப் பேணுதல், மனிதரோடு பழகுதல் ஆகியவை எவர்க்கும் கூடுவன. நோய் கண்டவருக்கும் இவை உடல்வலியையும் நாள் ஒழுங்கையும் காத்துத் தரும். எதற்கும் முதற்படி, நோயைக் காலத்தில் அறிதலே.

ஆகையால் மூன்று காரியங்களை நாம் வற்புறுத்துகிறோம். முதலாவது, 2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஒவ்வொரு ஜில்லா ஸ்தாபனத்திலும், வாரம் ஒரு நாளேனும் வயது வரம்பின்றி மறதிப் பரிசோதனை நடைபெற வேண்டும். இரண்டாவது, 2021-ல் ஏற்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் சென்று ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கவனிக்கும் பெண் ஊழியர்களுக்கு, மறதியின் அறிகுறிகளை விசாரித்தறியவும் பயிற்சி தரவேண்டும். மூன்றாவது, வேலைப் பாதுகாப்பு. வேலையிலிருக்கையில் ஊனமுற்றவரை நீக்கலாகாது, அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும் என்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் விதிக்கிறது. அவ்விதி சர்க்கார் ஸ்தாபனங்களையே கட்டுப்படுத்துகிறது. தனியார் ஆலைத் தொழிலாளிக்கும் இந்நோயுற்றோருக்கும் அது ஐயத்துக்கிடமின்றி விரிவாக்கப்பட வேண்டும்.

சட்டம் மாறும்வரை தொண்டர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கத்திலும் படிப்பகத்திலும் இதை எடுத்துரைக்கலாம்; தடுமாறும் தோழரைப் பழிக்காமல் கைப்பிடித்து வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லலாம். நாற்பது வயதில் ஊருக்கு உழைத்தவனை, ஐம்பது வயதில் அவன் ஊரை மறந்துவிட்டான் என்பதற்காக ஊரும் அவனை மறப்பது நியாயமாகாது.