ஆகாயத்தில் இரண்டரை மணி, வாசலுக்கு வாசல்?

வேலூர் காந்தி ரோடில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். லாட்ஜுகளின் பலகைகளில் வங்காள எழுத்து. ஹோட்டல் வாசலில் மீன் குழம்பு வாசனை. நம்மூர்க் கடைக்காரர் வங்காள மொழியில் பேரம் பேசிக்கொண்டிருப்பார். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலை, சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்து, கல்கத்தாக்காரர்களையும் இங்கே வரவழைக்கிறது.

நோயாளியை அழைத்து வருகிறவர்களுக்கு முதல் கவலை, ரயிலா விமானமா என்பதுதான். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போமா, சகோதரிகளே?

கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ஆகாய மார்க்கமாகச் சுமார் 1,400 கிலோமீட்டர். ரயில் பாதையோ கடலோரமாக வளைந்து வருவதால் 1,660. விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறந்தால் ஒன்றே முக்கால் மணி போதுமே என்பீர்கள். தரையில் ஊர்ந்து போகவும், மேலே ஏறவும், கீழே இறங்கவும் நேரம் வேண்டாமா? அதனால் அட்டவணையில் ஏறக்குறைய இரண்டரை மணி.

அதோடு முடிந்ததா? வீட்டிலிருந்து டம்டம் போக ஒரு மணி. அங்கே காத்திருப்பது இரண்டு மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டி வாங்க முக்கால் மணி. வேலூருக்கு 130 கிலோமீட்டர், காரில் மூன்று மணி. ஆக மொத்தம் ஒன்பதே கால்! ஆனாலும் ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. நோயாளிக்கு இது லாபமே.

கிட்டத்து ஊர் என்றால் கணக்கு தலைகீழ். சென்னையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் ஒரு மணிதான். முன்னும் பின்னும் கூட்டினால் ஐந்தரை. 2022-ல் தொடங்கிய வந்தே பாரத் ரயில், காட்பாடியில் நின்றும் சுமார் நாலரை மணியில் போய்விடுகிறது! ஆம்பூரோ அந்தப் பாதையிலேயே நடுவில் இருக்கிறது. அங்கே காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண், பெங்களூர் போக மீனம்பாக்கம் வந்தால், தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்.

நேரத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பறக்கும் விமானத்துக்குள் காற்றின் அழுத்தம், ஏறக்குறைய உதகமண்டலத்து உயரத்தில் இருப்பது போலக் குறைந்துவிடும். உடம்புக்குள் அடைபட்ட காற்று அப்போது விரியும். வயிற்றிலோ கண்ணிலோ ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது ஆபத்தாகலாம். நெஞ்சு நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும் சிரமம். ஆகையால், ஊர் திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டு அவசரப்படாதீர்கள். "எப்போது பறக்கலாம்?" என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மணிக்கணக்கை நாம் போடலாம். நாள் குறிப்பது மட்டும் டாக்டராக இருக்கட்டும்.