ஏழு பேர் வந்த கூட்டம்

சங்கம் ஆரம்பிப்பதில் தமிழர்களை மிஞ்சக் கூடியவர்கள் இப்பூவுலகில் இல்லை என்பது நமது அபிப்பிராயம். நாலு பேர் ஒரு திண்ணையில் கூடினால் ஐந்து சங்கங்கள் தோன்றிவிடும். ஆனால் இரண்டு வருஷம் கழித்து மேற்படி சங்கங்களைத் தேடிக்கொண்டு போனால், மிஞ்சியிருப்பவை ஒரு ரப்பர் முத்திரையும் பாதி கிழிந்த ரசீதுப் புத்தகமுமே!

காவேரிக் கரையில் ஒரு சிறு பட்டணத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னால் நம்மைக் காண வந்தார். அவர் அவ்வூர்க் கம்ப்யூட்டர் பயனர் சங்கத்தின் காரியதரிசி. கம்ப்யூட்டரை உபயோகிக்கிறவர்கள் மாதம் ஒரு முறை கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பதும், ஒருவருக்கு நேர்ந்த சங்கடத்தை மற்றவர் தீர்த்து வைப்பதுமே இத்தகைய சங்கத்தின் வேலை. கட்டணம் கிடையாது, வியாபாரமும் கிடையாது.

"சங்கத்தை மூடிவிடலாம் என்று உத்தேசம்" என்றார் நண்பர்.

"ஏன்?" என்று கேட்டோம்.

"முதல் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். சென்ற மாதம் ஏழு பேர். அந்த ஏழு பேரில் அடியேனும் பள்ளிக்கூடத்துக் காவற்காரரும் சேர்த்தி. ஜனங்களுக்கு அறிவில் ஆசையில்லை ஸார்!"

ஜனங்களைக் குறை கூறுமுன் ஒரு கூட்டத்தையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த மாதம் அவ்வூருக்குப் போனோம்.

அழைப்பிதழில் மாலை நாலு மணி என்று கண்டிருந்தது. அக்கிராசனர் வரும்பொருட்டு நாலே முக்கால் வரையில் காத்திருந்தோம். பிறகு இறை வணக்கம், பிறகு வரவேற்புரை, பிறகு முன்னிலை வகித்தவரின் உரை, பிறகு தலைமையுரை, பிறகு பொன்னாடை. பிரசங்கியார் பட்டணத்திலிருந்து வந்த இளைஞர், மிகவும் கெட்டிக்காரர். ஆனால் அவருடைய மடிக் கணினியில் இருந்ததோ யு.எஸ்.பி.-சி என்னும் சின்னஞ்சிறு துவாரம். பள்ளிக்கூடத்து ப்ரொஜெக்டரில் இருந்ததோ பழைய காலத்துப் பதினைந்து ஊசி இணைப்பு. இரண்டுக்கும் கலியாணம் செய்து வைக்கக் கூடிய தரகுக் கம்பி எங்கே கிடைக்கும் என்று கடைத்தெருவெல்லாம் தேடியதில் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதன் பிறகு செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுபது நிமிஷம் ஆங்கிலத்தில் பிரசங்கம். திரையில் எழுத்துக்கள் எறும்புகள் ஊர்வது போல் ஊர்ந்தன. முடிவில், "நேரமின்மை காரணமாகக் கேள்விகளை அடுத்த முறை பார்க்கலாம்" என்று அறிவித்து, நண்பர் வந்தனோபசாரம் கூறினார்.

கடைசி வரிசையில் ஓர் இளைஞன் துணிப்பையில் பழைய மடிக் கணினி ஒன்றைச் சுமந்து வந்து, கூட்டம் முடியும் வரையில் அதை மடியிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்தான். வாசலில் அவனை நிறுத்தி விசாரித்தோம். அவன் தகப்பனார் கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்து காலமானவர். தம் ஊரின் ஏரி, கோயில், பழைய குடும்பங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பத்து வருஷ காலம் விசாரித்துக் கம்ப்யூட்டரில் தட்டெழுதி வைத்திருந்தாராம். இப்போது அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துக் கூடத் தென்படவில்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கலந்த குப்பையாயிருக்கிறது. "அழிந்து போயிற்றா ஸார்?" என்று கேட்டான்.

அழியவில்லை. யூனிகோட் என்னும் சர்வதேச ஏற்பாட்டில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நம் ஊர்க் கம்ப்யூட்டர்களில் பரவ வெகு காலம் ஆயிற்று. தமிழ்நாடு அரசாங்கமே 2010-ல்தான் அதை ஏற்று உத்தரவு போட்டது. அதுவரையில் பாமினி முதலிய பல எழுத்துருக்கள் வழங்கி வந்தன. அவை ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் எழுத்துக்களைக் குடியேற்றியவை. அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் திறந்தால் குடிவந்தவர் மறைந்து பழைய வீட்டுக்காரர் தென்படுவார், அவ்வளவுதான் சங்கதி. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துவிட்டால், எழுத்துமாற்றி ஒன்றைக் கொண்டு சில நிமிஷங்களில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம்.

நம் மனத்தை உறுத்திய விஷயம் இதுதான்: அந்த இளைஞனுக்கு இரண்டு நாற்காலி முன்னால் உட்கார்ந்திருந்தவர், அவ்வூரில் பதினைந்து வருஷமாகக் கல்யாணப் பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும் அச்சுக் கோத்துக் கொடுக்கும் டி.டி.பி. கடைக்காரர். பழைய எழுத்துருக்களெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். வியாதியும் வைத்தியரும் ஒரே கூடத்தில் மூன்று மணி நேரம் இருந்தும், ஒருவரையொருவர் அறியாமல் வீடு திரும்பினார்கள். இதற்குப் பெயர் கூட்டமா?

இச்சந்தர்ப்பத்தில் அமெரிக்கா தேசத்தில் நடந்த ஒரு கூட்டத்தின் கதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பவர் வீட்டு மோட்டார் கொட்டகையில், 1975-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 5-ஆம் தேதி முப்பத்திரண்டு பேர் கூடினார்கள். பிரெட் மூர் என்பவர் துண்டுக் காகிதங்களில் அழைப்பு எழுதி அங்கங்கே ஒட்டியிருந்தார். பொன்னாடை கிடையாது, மேடை கூடக் கிடையாது. நடுவில் ஆல்டேர் 8800 என்னும் யந்திரம் ஒன்று இருந்தது. நூல்களைத் தட்டெழுதும் பலகையோ, பார்ப்பதற்குத் திரையோ அதற்கு இல்லை. முகப்பில் வரிசையாக விசைகளும் சிறு விளக்குகளுமே இருந்தன. அடுத்த மாதம் ஸ்டீவ் டாம்பியர் என்னும் அங்கத்தினர் அதன் பக்கத்தில் ஒரு ரேடியோப் பெட்டியை வைத்து, யந்திரத்தின் மின் இரைச்சலைக் கொண்டே ஒரு பாட்டை வாசிக்கச் செய்தபோது சபையோர் பிரமித்துப் போனார்களாம்!

"ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்" என்று பெயர் பெற்ற இச்சங்கம் 1986-ஆம் வருஷம் வரையில் நடந்தது. கூட்டம் பெருகவே, ஸ்டான்போர்டு பரமாணு ஆராய்ச்சிக் கூடத்தின் பெரிய மண்டபத்துக்கு இடம் மாறிற்று. கூட்டத்தை நடத்தியவர் லீ பெல்சென்ஸ்டைன் என்னும் என்ஜினீயர். அவர் கையாண்ட முறையை நமது சங்கக் காரியதரிசிகள் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொள்ளலாம். பிரசங்கத்துக்கு முன்னால் ஒரு சுற்று. யார் கை தூக்கினாலும் எழுந்து, "நான் இன்னார், என்னிடம் இன்னது இருக்கிறது, எனக்கு இன்னது வேண்டும்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று காட்டும் தேசப்படம் போன்றது இந்தச் சுற்று. கடைசியில் நாற்காலிகளை விட்டெழுந்து, தமக்கு வேண்டியவரை அவரவர் தேடிப் பிடித்துக் கொள்ளும் நேரம். சங்கத்தின் ஜீவநாடி அந்தக் கடைசி நேரந்தான்.

பின்வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்னும் இளைஞர் ஒருவர். சபையில் எழுந்து பேசக் கூச்சப்பட்டவர். கூட்டம் முடிந்த பிறகு தாம் செய்த கம்ப்யூட்டரின் வரைபடத்தைப் பிரதியெடுத்து வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்து வந்தார். அந்த யந்திரந்தான் 1976-ல் ஆப்பிள் கம்பெனியின் முதற் சரக்கு ஆயிற்று.

அதே சங்கத்தில் ஒரு வழக்கும் உண்டாயிற்று. பில் கேட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் ஆல்டேருக்காக எழுதிய மென்பொருளின் காகித நாடாவை அங்கத்தினர்கள் நகலெடுத்துப் பங்கிட்டுக் கொண்டார்கள். 1976-ஆம் வருஷம் பிப்ரவரியில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, இது திருட்டு என்று கண்டித்தார். வாஸ்னியாக் கொடுத்தது தம்முடைய பொருள். நாடாவை நகலெடுத்தவர்கள் கொடுத்தது பிறர் பொருள். நம் ஊர்ச் சங்கங்கள் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. பகிர்வதற்கென்றே உலகத்தார் எழுதி வைத்த லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்கள் இன்று ஏராளமாயிருக்கின்றன. அவற்றை உபயோகித்தால், எடுத்துக் கொள்வதும் கொடுப்பதும் இரண்டுமே தர்மமாகும். நாமே திறந்து பார்த்து, நமது பாஷைக்கு ஏற்றபடி திருத்திக் கொள்ளக் கூடியதை விடச் சிறந்த சுதேசிச் சரக்கு வேறு என்ன இருக்க முடியும்?

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1907-ஆம் வருஷம் சென்னைக் கடற்கரையில் விபின் சந்திர பாலர் ஆங்கிலத்தில் செய்த பிரசங்கங்கள் மாணாக்கர்களின் இரத்தத்தைக் கொதிக்கச் செய்தன, சந்தேகமில்லை. ஆனால் 1908-ல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளிகள் எழுந்து நின்றது, வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தெரிந்த தமிழில் பேசிய பின்புதான். எந்த விஷயமானாலும், கேட்பவர் கேள்வி கேட்கக் கூடிய பாஷையில் சொன்னாலன்றிப் பிரயோஜனமில்லை. கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில் பேச முடியாது என்பாரும் உளர். அவர்கள் 2012-ஆம் வருஷம் ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழைப் புரட்டிப் பார்க்கட்டும். காஞ்சிபுரத்து லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிறு மாலைகளில் இணையத்தின் வழியே கூடித் தமிழில் பேசியதைக் கேட்கட்டும்.

வழக்கம் என்பதன் பலத்துக்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரியில் தொடங்கியது. பல ஆண்டுகளாக மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி.யில் அதன் கூட்டம் என்பது ஆர்வமுள்ளவர்களுக்கெல்லாம் மனப்பாடமாயிருந்தது. தேதியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏகாதசியும் பிரதோஷமும் போல, நாள் வந்தால் கூட்டம். பத்துப் பேர் வந்தாலும் கூட்டம். நூறு பேர் வந்தாலும் கூட்டம்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துச் சொன்னோம். இன்னும் சில யோசனைகளும் கூறினோம். அறிவித்த நேரத்துக்கு இருவர் இருந்தாலும் தொடங்கிவிட வேண்டும். பிரசங்கம் அரை மணிக்கு மேல் போகலாகாது. பெரிய தலைப்பை விட, பேசுகிறவர் தம் கையால் செய்து பார்த்த சிறு காரியமே மேலானது. ஐந்து நிமிஷம் மட்டும் பேச இளைஞர் ஒருவருக்கு மாதந்தோறும் இடம் கொடுக்க வேண்டும்; அவர்களே அடுத்த வருஷத்துப் பிரசங்கிகள். திரையில் எழுத்துக் கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்று முன்னதாக அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இணைப்புக் கம்பிகள் எல்லா வகையிலும் ஒவ்வொன்று சங்கத்துப் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். பெண்மணிகள் இருட்டுவதற்குள் வீடு திரும்பக் கூடிய நேரமாயிருக்க வேண்டும். முதலில் வருகிற பெண்ணுக்குத் தனியே நிற்பது போல் தோன்றாதபடி, வரவேற்க ஒரு பெண் அங்கத்தினர் வாசலில் இருப்பது உத்தமம். சரக்கு விற்க வருகிறவர்களுக்கு மேடை கூடாது. முக்கியமாக, சாவியும் விலாசங்களும் பொறுப்பும் ஒருவரிடமே இருக்கக் கூடாது. காரியதரிசிக்குக் காய்ச்சல் வந்தால் சங்கத்துக்கும் காய்ச்சல் வருவது அதனால்தான்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொன்னாடை கூட வேண்டாமா?" என்று சற்று ஏக்கத்துடன் வினவினார்.

"அந்தப் பணத்துக்குச் சுண்டலும் டீயும் வாங்குங்கள்" என்றோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போனோம். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நாலு மணிக்கு நண்பர் எழுந்து, "யாரிடம் என்ன இருக்கிறது? யாருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு காவற்காரர், தம் பேத்தியின் பள்ளிக்கூடப் பாடங்களைக் கைப்பேசியில் எப்படிச் சேமிப்பது என்று கேட்டார். அதன் பிறகே துணிப்பை இளைஞன் எழுந்தான். அவன் தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் டி.டி.பி. கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "அரைப்புள்ளி நிறைய வருகிறதா தம்பி? அப்படியானால் பாமினி, கொண்டு வா இங்கே" என்றார்.

அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்பது நமக்கு நன்றாக நினைவில்லை. டீ நேரத்தில் அந்தப் பழைய மடிக் கணினியைச் சுற்றி ஒன்பது பேரும் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. கடைக்காரர் ஒரு விசையைத் தட்டினார். குப்பையாயிருந்த வரிகள் தமிழாயின. மேலே, "நமது ஏரி" என்று தலைப்பு. கீழே மதகுகளின் கணக்கு, தூர் வாரிய வருஷங்கள், வேலை செய்தவர்களின் பெயர்கள். இளைஞன் முதல் பாராவை உரக்கப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டான். காவற்காரர் அவன் கையிலிருந்த டீக் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

புறப்படும்போது, சங்கத்தை மூடுகிற உத்தேசம் என்னவாயிற்று என்று நண்பரைக் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல், இன்னொரு சாவி செய்வதற்காகக் கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.