மலூட்டியில் எஞ்சிய 72

ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில், வங்க எல்லையை ஒட்டிய சிற்றூர் மலூட்டி. தம் வல்லூறைப் பிடித்துத் தந்த பசந்தன் என்னும் இளைஞனுக்கு வங்க சுல்தான் இப்பகுதியை இறையிலியாக அளித்தார் என்பது மரபுவழிச் செய்தி. அவன் வழிவந்த குடும்பங்கள் அரண்மனை எழுப்பவில்லை. போட்டியிட்டுக் கோயில்களையே கட்டின. 108 இருந்தனவாம்; இன்று எஞ்சியவை 72.

வங்கக் குடிசையின் வளைந்த கூரையைச் செங்கல்லிலேயே வடித்த சிறு கோயில்கள் அவை. முகப்பின் சுடுமண் பலகைகளில் இராமாயணப் போர்க்காட்சிகளும் மகிடனை வதைக்கும் துர்க்கையும் உள்ளன. செங்கல் இடுக்கில் மழைநீரும் செடியின் வேரும் புகுந்தால், இப்பலகைகள் பெயர்ந்து உதிரும்.

2015 குடியரசு நாள் அணிவகுப்பில் ஜார்க்கண்டின் ஊர்தி மலூட்டியைக் காட்டியது. அவ்வாண்டே சீரமைப்பும் தொடங்கிற்று. மகிழ்ச்சியே. ஆயினும், ஒருமுறை செலவிடும் பெருந்தொகையைவிட, ஆண்டுதோறும் மழைக்குமுன் செடி களையவும் சுண்ணாம்புச் சாந்து பூசவும் கிடைக்கும் சிறுதொகையே இவற்றைக் காக்கும் என நாம் கருதுகிறோம். வைப்புநிதியின் இயல்பை வாடிக்கையாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படியொன்றை ஏற்படுத்தி, அதன் வட்டியை உள்ளூர்க் கொத்தர்களின் கூலிக்கு ஒதுக்கலாம். சிமெண்ட் மட்டும் வேண்டாம். ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பழஞ்செங்கல்லை அது அரித்துவிடும்.