சுட வந்தவரின் புகார்

காசு கொடுத்துத் துப்பாக்கி சுடப் போகிறவர்களுக்கு இந்நாளில் ஒரு மனக்குறை ஏற்பட்டிருக்கிறது. போன இடத்தில் தங்களை வாடிக்கையாளராக நடத்தவில்லையாம்; பள்ளிக்கூடத்துப் பையன்களைப் போல நடத்துகிறார்களாம். நில் என்றால் நிற்க வேண்டும். கீழே வை என்றால் வைக்க வேண்டும். அடுத்தவர் முடிக்கும் வரையில் கையைக் கட்டிக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். ஹோட்டலில் காபி ஆறிப்போனால் சர்வரைக் கூப்பிட்டு அதட்டுகிறோமே, அந்த உரிமை இங்கே எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள்.

என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் நாலைந்து பேர். எல்லோரும் படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ரைபிள் கிளப்புக்குப் போகிறவர்கள். அவர்கள் மனம் கோணினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். இந்தப் புகாரில் பாதி அபத்தம். பாதி முழுக்க நியாயம். வேடிக்கை என்னவென்றால், நம் கனவான்கள் அபத்தமான பாதிக்குத்தான் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள். நியாயமான பாதி வரும்போது மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

முதலில் அபத்தத்தைப் பார்ப்போம்.

நான் ஆண்டிமடத்துக்காரன். எங்கள் பக்கத்தில் முந்திரித் தோப்பு உண்டு, செம்மண் உண்டு, வெயில் வேண்டிய மட்டும் உண்டு. சிறு வயதில் நாங்கள் கண்ட ஒரே சுடுதளம் திருவிழாவுக்கு வரும் பலூன் கடைதான். நாலு கழி, ஒரு படுதா, படுதாவில் வரிசையாக ஊதிக் கட்டிய பலூன்கள், பலகையின் மேல் ஒரு பழைய ஏர்கன். அதன் குறிமுனை எப்போதும் சற்றே வளைந்திருக்கும். நேராகக் குறி பார்த்தவன் தோற்பான். முன்னால் நாலு பேர் சுட்டதைக் கவனித்துவிட்டு, பலூனுக்கு ஒரு விரற்கடை வலப்புறம் குறி வைத்தவன் ஜெயிப்பான். இதுவும் ஒரு கல்விதான் என்று பிற்பாடு தோன்றியது.

அந்தக் கடைக்காரரிடம் விதிப்பலகை ஏதும் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரே விதி. அதுவும் அவர் கையில் இருந்தது. ஒரு வருஷம், புதிதாகக் கல்யாணம் ஆன பிள்ளையாண்டான் ஒருவன் முதல் பலூனை உடைத்த உற்சாகத்தில், பின்னால் நின்ற மனைவிக்குக் காட்டுவதற்காகத் துப்பாக்கியோடு அப்படியே திரும்பினான். கடைக்காரர் நோஞ்சான். ஆனால் அந்தக் கணத்தில் அவருக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு வேகம்! குழலை ஒரே தட்டாகக் கீழே தட்டி, துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, வாங்கிய காசைப் பலகைமேல் வைத்துவிட்டார். "போயிட்டு வாங்க தம்பி" என்றார். கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. "காசு வாங்கிட்டு இதென்னய்யா நியாயம்?" என்று ஒருவர் வக்காலத்து வாங்கினார். "காசைத்தான் குடுத்துட்டேனே. கண்ணு போனா யாரு குடுப்பா?" என்று கேட்டார் கடைக்காரர். வக்கீல் வாயை மூடிக்கொண்டார்.

பெரிய கிளப்புகளில் நடப்பதும் இதேதான். அங்கே அதற்கு அச்சடித்த தாள் இருக்கிறது. குழல் எப்போதும் குறிப்பலகையின் பக்கமே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் ஓர் ஆரஞ்சு நிற இழையைச் செருகி வைக்க வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்பது பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சர்வதேசப் போட்டிகளிலேயே கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு இது. அட்டையை மாற்ற ஒருவர் முன்னால் போயிருக்கும்போது, பின்னால் இருப்பவர் தம் துப்பாக்கியைத் தொட்டாலே குற்றம். 'நிறுத்து' என்று குரல் வந்துவிட்டால், விசையில் வைத்த விரலைக்கூட எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு குண்டை மட்டும் சுட்டுவிடுகிறேனே என்று கெஞ்சக் கூடாது. இதிலெல்லாம் சலுகை கேட்பவரைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை; பயம்தான் வருகிறது.

அமெரிக்காவில் சுடுதளம் என்பது கடைவீதிக் கடை மாதிரி. இத்தனை மணிக்கு இத்தனை டாலர் என்று இடத்துக்கு வாடகை. துப்பாக்கியும் வாடகைக்குக் கிடைக்கும். அங்கே பல கடைகளில், துணையில்லாமல் தனியாக வரும் புது ஆளுக்கு வாடகைத் துப்பாக்கி தருவதில்லை. வந்தவர் கொதிக்கிறார்: என்னிடம் பணம் இருக்கிறது, அடையாளச் சீட்டு இருக்கிறது, ஒரு சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு வரவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்புவதா? காரணத்தைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். வாடகைக்கு வாங்கிய துப்பாக்கியாலேயே, வாங்கிய இடத்திலேயே, தம் உயிரை முடித்துக்கொண்டவர்கள் உண்டு. அதற்காக வந்த விதி அது. அவமானம்போல் தோன்றுகிற இந்த விதி எத்தனை பேரைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்று யார் கணக்கிட முடியும்?

பதிவுப் புத்தகம், பூட்டு, இரும்பு அலமாரி இவற்றைப் பற்றி அலுத்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1997-இல் எங்கள் ஆண்டிமடம் காவல் நிலையத்தையே தாக்கி, அங்கிருந்த துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். போலீஸார் காவலில் இருந்த ஆயுதத்துக்கே அந்தக் கதி நேர்ந்த ஊர்க்காரனிடம் வந்து, 'எதற்கு ஐயா இவ்வளவு பூட்டு?' என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஆகவே குழலைப் பற்றிய விதி எதுவானாலும் நான் அதற்கு அடிமை. என் சண்டை வேறு விதிகளோடு.

மறுபடியும் அமெரிக்கக் கடையையே பாருங்கள். வந்தவர் கொண்டுவந்த தோட்டாவின்மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டினால் அதில் எஃகு இருக்கிறது, அந்த வகைக் குண்டு பின்சுவரைக் கெடுக்கும், பொறி கிளப்பும், ஆகையால் கூடாது. நல்லது, ஒப்புக்கொண்டேன். ஆனால் வேறு சில கடைகளில் காந்தமே கிடையாது. எங்களிடம் வாங்கிய தோட்டாவைத்தான் சுட வேண்டும், அவ்வளவுதான் என்கிறார்கள். விலையோ வெளியில் விற்பதைவிட அதிகம். சுட்டபின் தரையில் விழும் பித்தளைக் கூடும் கடைக்காரருக்கே சொந்தம். அதற்கும் சந்தையில் விலை உண்டு. ஏன் என்று கேட்டால் பாதுகாப்பு என்று பதில். ஒரு காந்தத்தால் தீருகிற சந்தேகத்துக்கு முழு விலை வாங்குவது எந்தப் பாதுகாப்பைச் சேர்ந்தது? குழலுக்கான விதியும் கல்லாப்பெட்டிக்கான விதியும் ஒரே பலகையில், ஒரே சாயத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. மேலே இருப்பதற்குத் தலை வணங்குகிறவன் கீழே இருப்பதற்கும் வணங்கிவிடுவான் என்பது எழுதியவரின் நம்பிக்கை. அது பெரும்பாலும் வீண்போவதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஒரு பெரிய நகரம், பெயர் வேண்டாம். என் தங்கை மகன் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவன், பாயிண்ட் 22 ரைபிளால் சுட்டுப் பழகியவன், ஏர் ரைபிள் போட்டிகளில் கலந்துகொள்ள ஆசைப்பட்டான். ஆண்டிமடத்திலிருந்து பஸ் ஏறி வந்தவனை அங்கிருந்த சுடுதளத்துக்கு அழைத்துப் போனேன்.

"மெம்பர் யாராவது இன்ட்ரொட்யூஸ் பண்ணணும் சார்" என்றார் மேஜையில் இருந்தவர்.

"எங்களுக்கு இங்கே யாரையும் தெரியாதே."

"அப்போ கஷ்டம் சார். சேஃப்டி விஷயம்."

"ஏர் ரைபிளுக்குமா?"

"ரூல்ஸ் சார்."

4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைப் பத்து மீட்டர் தூரத்து அட்டையில் சுடுகிற துப்பாக்கி அது. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, விசை 20 ஜூலுக்கு மேற்படாத இந்த ரகத்துக்கு லைசென்ஸே வேண்டியதில்லை. இதை நான் சொன்னதும் அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சிறப்பு விருந்தினர் கட்டணம் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். சாதாரணக் கட்டணத்தைப்போல் மூன்று மடங்கு. அதைக் கட்டினால் மெம்பர் சிபாரிசு வேண்டாமாம்!

கட்டினேன். சேஃப்டி அந்த நிமிஷமே தீர்ந்துவிட்டது. பையன் ஊரிலிருந்து வாங்கி வந்த ஈயக்குண்டு டப்பாவை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அதே கம்பெனி டப்பாவை இரட்டை விலைக்கு அங்கேயே கொடுத்தார்கள். அரை மணி என்று ரசீதில் இருந்தது. இருபதாவது நிமிஷத்தில் மெம்பர் ஒருவர் வந்துவிடவே பையனை எழுப்பிவிட்டார்கள். மீதிப் பத்து நிமிஷத்துக்குப் பணம் திரும்பவில்லை. இவையெல்லாம்கூடப் போகட்டும். உள்ளே போனது முதல் வெளியே வந்தது வரையில், இவனுக்குத் துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியுமா என்று ஒரு மனிதர்கூட அவனைக் கேட்கவில்லை. யாருக்குத் தெரிந்தவன் என்று கேட்கத் தெரிந்தது. என்ன தெரிந்தவன் என்று கேட்கத் தெரியவில்லை! எங்கள் பலூன் கடைக்காரர் அங்கே நின்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

"விடுங்க மாமா" என்றான் பையன். அவனுக்கு வந்த கூச்சம்தான் எனக்குக் கோபம்.

இந்தக் கேள்வி, நீ யாருடைய ஆள் என்கிற கேள்வி, பழைய கேள்வி. 1878-இல் வெள்ளைக்காரர்கள் செய்த ஆயுதச் சட்டம் இந்தியனை லைசென்ஸ் கேட்டு வாசலில் நிற்க வைத்தது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. சுதந்திரம் வந்து, 1959-இல் நாமே வேறு சட்டம் செய்தோம். தோலின் நிறத்தைப் பார்த்துக் கொடுத்த விலக்கு ஒழிந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் பார்வை மட்டும் அநேக இடங்களில் 1878-லேயே நின்றுவிட்டது.

இதனால் யாருக்கு நஷ்டம்? கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைபிளில் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்கும் போனார். ஆனால் அவர் வளர்ந்ததும் பயின்றதும் குஜராத்தில். எங்கள் ஊருக்குக் கடலூர் ஒன்றும் தொலைவில்லை. அந்தப் போட்டியில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். குண்டூசித் தலையைவிடச் சிறியது. அதை அறுபது முறை குறிபார்க்க வேண்டிய கண்ணும் கையும் முந்திரிக்கொட்டை உடைக்கிற வீட்டிலும் பிறக்கலாம் அல்லவா? 2022 ஜூலையில் திருச்சியில் மாநிலப் போட்டி நடந்தபோது நடிகர் அஜித்குமார் சுட வந்தார். அவரைக் காண ஜனங்கள் முண்டியடித்தார்கள். அந்தக் கூட்டத்தில், என் பிள்ளையை இதில் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கேட்கத் தோன்றாதபடி நாம் அந்த வாசலை வைத்திருக்கிறோம்.

இதுவரையில் காசு கொடுத்தவரின் குறையைப் பேசினேன். காசும் கொடுக்காமல், உள்ளேயும் போகாமல், குண்டை மட்டும் பெற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடிக்கையாளர் என்ற பெயர்கூட இல்லை.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்துச் சுடுதளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்துபோனான். குண்டு பாய்ந்த பிறகே அங்கே பயிற்சியை நிறுத்தினார்கள். அந்த மாதத்திலேயே பெரம்பலூர் மாவட்டத்தில், நாரணமங்கலம் சுடுதளத்தை அடுத்த மருதடி ஈச்சங்காட்டில், ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு குண்டு விழுந்தது. அங்கே உயிர்ச்சேதம் இல்லை.

இவை வியாபாரத் தளங்கள் அல்ல, படையினரும் போலீஸாரும் பயிலும் இடங்கள் என்று கிளப்புக்காரர்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஏர் ரைபிள் குண்டு பக்கத்துச் சுவரைத் தாண்டாது என்பதும் வாஸ்தவம். ஆனால் கிளப்புகளில் பாயிண்ட் 22-ம் சுடுகிறார்கள். தடுப்பாரில்லாமல் போனால் அந்தச் சின்னத் தோட்டாவும் ஒரு மைலுக்கு மேல் போகும். அதைத் தடுத்து நிறுத்துவது மெம்பரின் சிபாரிசு அல்ல. குறிப்பலகைக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு. மழை கரைத்த மேட்டை மறுபடி உயர்த்திக் கட்டப் பணம் வேண்டும். மூன்று மடங்குக் கட்டணம் அந்த மண்ணுக்குப் போகிறதென்றால் நான் நாலு மடங்காகவே கட்டுகிறேன்.

நம் கனவான்கள் கோபப்படுவதானால் இதற்குக் கோபப்படட்டும். கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்கச் சொன்னார்கள் என்று முறையிடுவதை விட்டுவிட்டு, மேடு எவ்வளவு உயரம், கடைசியாக எப்போது செப்பனிட்டீர்கள், சுடுகிற நாளில் சிவப்புக் கொடி ஏற்றுகிறீர்களா, பின்னால் இருக்கிற ஊருக்குச் சொல்லி அனுப்பினீர்களா என்று கேட்கட்டும். குழலுக்கான விதிகளை ஒரு பலகையிலும் கட்டண விதிகளை வேறொரு பலகையிலும் எழுதச் சொல்லட்டும். வாய்ப்பேச்சு போதாது, புகார்ப் புத்தகத்தை வாங்கி, தேதி போட்டு, கையெழுத்தோடு எழுதிவிட்டு வர வேண்டும்.

பையனோடு வெளியே வந்த அன்று நானும் அந்த மேஜையில் புகார்ப் புத்தகத்தைக் கேட்டேன். அது மெம்பர்களுக்கு மட்டும்தான் என்றார்கள்.