எந்த ஈஸ்ட்?

2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதம். 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே கிடையாது. அந்த 33-இல் அசிமினிப் இருக்கிறது, டாராட்டுமுமாப் இருக்கிறது. மனதார வரவேற்கிறோம். ஆனால் இருமுறை படித்தும் அந்தப் பட்டியலில் பூஞ்சைக்கான மருந்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

60 கிலோ நோயாளிக்குப் பூஞ்சை மருந்தான லிபோசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றால், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வயல் நான்கு. கல்ச்சர் நெகட்டிவ் ஆன பிறகு 14 நாள் என்றால் 56 வயல். மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறி வரும் குடும்பங்கள் கீமோவுக்கே கடன் வாங்கியிருப்பார்கள். 2021 ஜூனில், கரும்பூஞ்சை நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இருந்தபோது, இதே மருந்தின் வரியை அடியோடு நீக்கினார்கள். அந்த டிசம்பர் 31-ஓடு சலுகை முடிந்தது. லுகேமியா வார்டில் வரும் கேண்டிடீமியா என்ற ரத்தப் பூஞ்சைத் தொற்று எந்த நாளிதழிலும் வராது.

விலை குறைந்தாலும் எந்த மருந்தைப் போடுவது என்று தெரிய வேண்டுமே. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதிவிட்டேன்! ஏழாம் நாள் காய்ச்சல், நியூட்ரோஃபில் 100-க்குக் கீழே, கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ், கிராம் ஸ்டெயினில் மொட்டு விடும் ஈஸ்ட். கேஸ்போஃபன்ஜின் தொடங்குகிறோம். வந்திருப்பது டிரைக்கோஸ்போரான் என்றால் அது வீண், வோரிகோனசோல்தான் வேண்டும். கேண்டிடா ஆரிஸ் என்றால் ஃபுளூகோனசோலை நம்ப முடியாது. பழைய டேட்டாபேஸ் உள்ள வைட்டெக் கருவி அதைக் கேண்டிடா ஹெமுலோனி என்று காட்டும். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் லேப் ரிப்போர்ட் ஒரே வரிதான்: ‘ஈஸ்ட் வளர்ந்துள்ளது.’ இனத்தின் பெயர் வந்த அன்று கட்டில் காலியாகியிருந்தது. அந்தக் காகிதம் இன்றும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

ஐசிஎம்ஆர் 2017-இலேயே ஆரிஸ் குறித்து எச்சரித்தது. 2018-இல் கேரளம் நாட்டிலேயே முதல் மாநிலமாக ஏஎம்ஆர் (நுண்ணுயிர்களின் மருந்து எதிர்ப்பு) செயல்திட்டம் போட்டது. அதில் நமக்குப் பெருமை உண்டு. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஆரிஸை மிக அவசரப் பிரிவில் வைத்தது. இத்தனைக்குப் பிறகும், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைத் தேடிப் போகும் அதிகாரிகள் ஒரு லுகேமியா வார்டுக்குள் வந்து ‘இங்கே எம்ஐசி (பூஞ்சையைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்தளவு) பார்க்கிறீர்களா?’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது பூஞ்சைக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை வறண்டுவிட்டது.

ஆம்போடெரிசினும் கேஸ்போஃபன்ஜின் போன்ற எக்கினோகேண்டின்களும் வரியில்லாப் பட்டியலில் சேர வேண்டும். லுகேமியாவுக்கு சிகிச்சை தரும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இனமும் எம்ஐசியும் சொல்லும் லேப் வசதிக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை, ‘ஈஸ்ட்’ என்று மட்டும் வரும் ரிப்போர்ட்டை ஃபைலில் வைக்காதீர்கள். உடனே லேபுக்கு ஃபோன் போட்டு, எந்த ஈஸ்ட் என்று கேளுங்கள்.